நகத்தளவுத் திரையிலும் தமிழ் வேண்டும்

வீட்டில் உள்ள சின்னச் சின்ன மெஷின்களில் எத்தனைக்குத் திரை இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். சர்க்கரை பார்க்கும் மெஷின், பிரஷர் மெஷின், இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், மின் மீட்டர், கேபிள் பெட்டி. மொத்தம் ஆறு. ஆறும் நாள் முழுக்க எங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றுகூடத் தமிழில் சொல்வதில்லை.

எல்லாம் எண்தானே, எண்ணுக்கு என்ன தமிழ், இங்கிலீஷ் என்று கேட்பீர்கள். எண் வரும் வரை சரிதான். எண் வராமல் எழுத்து வரும்போதுதான் சிக்கல். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில். தினசரிப் பேப்பரை வரி விளம்பரம் வரை விடாமல் படிப்பவர், பஞ்சாங்கம் பார்ப்பவர், தெருவில் யார் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் பிழை திருத்திக் கொடுப்பவர். தமிழில் அவரை யாரும் படிக்காதவர் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் காலையில் விரலைக் குத்தி ரத்தம் வைத்துப் பார்த்தபோது மெஷினில் எண் வரவில்லை. ‘எச், ஐ’ என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்தது. மெஷின் பழுதாகிவிட்டது, மகன் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று உறையில் போட்டு வைத்துவிட்டார். மூன்றாம் நாள் மயக்கமாகக் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அந்த இரண்டெழுத்துக்கு ‘ஹை’ என்று பொருள். பெரும்பாலான மெஷின்களில் சர்க்கரை 600-ஐத் தாண்டினால், அதற்கு மேல் அளக்கத் தெரியாமல் இப்படித்தான் காட்டும். ரொம்பக் குறைந்துபோனால் ‘எல், ஓ’. அதாவது உயிருக்கு ஆபத்தான இரண்டு நேரத்தில் மட்டும் மெஷின் எண்ணை விட்டு எழுத்துக்குப் போகிறது, அதுவும் அந்த அம்மாளுக்குத் தெரியாத எழுத்துக்கு. (பிழைத்துக்கொண்டார். இப்போதும் பத்திரிகை திருத்துகிறார்.)

இது என் மனத்தில் கிடந்த நேரத்தில்தான் என் தங்கையின் பேத்தி ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். கல்லூரி லேபில் கொடுத்ததாம். உள்ளே இரண்டு பலகை. பெரியது மைக்ரோகண்ட்ரோலர் இவாலுவேஷன் கிட். சின்னது டிஸ்ப்ளே எக்ஸ்டென்ஷன் போர்டு. எக்ஸ்டென்ஷன் போர்டு என்றதும் மிக்ஸி செருகும் பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன், “தாத்தா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சின்னக் கணினி. மேலே சொன்ன ஆறு மெஷின்களிலும் ஆளுக்கொன்றாவது இருக்கும். சில்லு செய்கிற கம்பெனி, “எங்கள் சரக்கை வாங்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்” என்று எஞ்சினியர்களுக்காக அதை ஒரு பலகையில் பொருத்தி விற்கிறது. ஜவுளிக்கடையில் சாம்பிள் துண்டு காட்டுவது மாதிரி. அதுதான் இவாலுவேஷன் கிட். அவள் கொண்டுவந்ததன் பெயர் சாம் டி21 எக்ஸ்ப்ளெய்ன்டு ப்ரோ. ஆட்மெல் கம்பெனி செய்தது. 2016-ல் அந்தக் கம்பெனியை மைக்ரோசிப் வாங்கிக்கொண்டது. யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு சேர்த்தால் போதும், மின்சாரமும் அதிலேயே வந்துவிடும், புரோகிராமும் அதிலேயே இறங்கிவிடும்.

ஆனால் அந்தப் பலகைக்கு வாய் கிடையாது. நாம் பயன்படுத்த ஒரு விளக்கு, ஒரு பொத்தான். உள்ளே ஆயிரம் கணக்குப் போட்டாலும் வெளியே சொல்வதற்கு அந்த ஒரு விளக்கை மினுக்கலாம், அவ்வளவுதான். வாய் கொடுக்கத்தான் அந்தச் சின்னப் பலகை. அதன் பெயர் ஓஎல்இடி1 எக்ஸ்ப்ளெய்ன்டு ப்ரோ. அதில் ஒரு திரை, மூன்று பொத்தான், மூன்று விளக்கு. திரை முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கால் அங்குலத்துக்கும் குறைவான உயரம். பெருவிரல் நகத்தை நீட்டிவிட்ட மாதிரி. கறுப்புத் தரையில் வெள்ளைப் புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, அதனால் இருட்டிலும் தெரிகிறது. அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 32.

பொருத்துவது சுலபம். இரு பலகையிலும் இருபது ஊசி கொண்ட இரட்டை வரிசை இருக்கிறது. ஒன்றில் ஒன்றைச் செருக வேண்டியதுதான். சால்டர் வைக்க வேண்டாம், ஒயர் சுற்ற வேண்டாம். பெரிய பலகையில் இப்படி மூன்று வரிசை உண்டு. எந்த வரிசைக்கு என்று புரோகிராமில் எழுதியிருக்கிறதோ அதில்தான் செருக வேண்டும். மாற்றிச் செருகினால் திரை கறுப்பாகவே கிடக்கும். முதலாம் ஊசியின் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. சின்னப் பலகையில் ஓர் அடையாளச் சில்லு இருக்கிறது. செருகியவுடன் பெரிய பலகை முதலாம் ஊசி வழியாக “நீ யார்?” என்று கேட்கும். அது தன் பெயரையும் வரிசை எண்ணையும் சொல்லும். லேப்டாப் திரையில் அந்தப் பெயர் வந்து நிற்கும். புதிதாக டியூட்டியில் சேர வருகிறவன் ஆர்டர் காப்பியை நீட்டுவது போல. முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் விளக்கமே வேண்டாம்.

இன்னும் இரண்டு ஆபீஸ் சமாச்சாரம் அதில் இருக்கிறது. திரைக்குள் எஸ்எஸ்டி1306 என்று ஒரு சில்லு உட்கார்ந்து புள்ளிகளை ஏற்றி இறக்குகிறது. அதற்கு ஒரே கம்பியில்தான் எல்லாம் போகும்; உத்தரவும் போகும், எழுத வேண்டிய விஷயமும் போகும். இப்போது வருவது உத்தரவா, விஷயமா என்று சொல்ல மட்டும் தனியாக ஒரு கம்பி. இரண்டாவது சமாச்சாரம் இன்னும் அழகு. திரைக்கு அனுப்பியதை இந்த வழியில் திரும்பப் படிக்க முடியாது. போனது போனதுதான். அதனால் என்ன அனுப்பினோம் என்பதற்கு ஒரு நகலை மைக்ரோகண்ட்ரோலர் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மாற்றம் எதுவானாலும் நகலில் மாற்றி, பிறகு அனுப்புகிறது. “இது ஆபீஸ் காப்பிம்மா” என்றேன். டெஸ்பாட்ச் ஆன கடிதத்தை யார் திருப்பிக் கேட்டு வாங்குவார்கள்? நகல் இல்லாமல் எவனாவது கடிதம் அனுப்பினால் சூப்பரின்டென்டெண்ட் சும்மா விடுவாரா? அந்த நகலின் அளவு 512 பைட். 128 பெருக்கல் 32 என்றால் 4096 புள்ளி, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட், கணக்கு சரி.

எல்லாம் செருகி, புரோகிராம் இறக்கி, நகத்தளவுத் திரையில் ‘ஹலோ வேர்ல்டு’ என்று இங்கிலீஷில் வந்தது. “அவ்ளோதான் தாத்தா, லேப் எக்ஸர்சைஸ் முடிஞ்சுது” என்றாள்.

“தமிழ்ல வணக்கம்னு போடும்மா.”

“தமிழ் வராது தாத்தா. ஃபாண்ட் கிடையாது. தமிழுக்கு எழுத்து ஜாஸ்தி, மெமரி பத்தாதுன்னு எங்க சார் சொல்லிட்டார்.”

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இந்த ‘பத்தாது’ என்ற சொல்லை என் வாழ்நாளில் பல முறை கேட்டுவிட்டேன். தமிழுக்கு டைப்ரைட்டர் பத்தாது என்றார்கள், யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா உட்கார்ந்து எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சாதாரண மெஷினிலேயே அடக்கிக் காட்டினார். கம்ப்யூட்டரில் பத்தாது என்றார்கள், அதுவும் வந்தது. பத்தாது என்று சொல்கிறவர்கள் எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. எனவே ஒரு பேப்பரை எடுத்து எண்ணினேன்.

247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. டைப் அடித்தவர்களுக்கு இது தெரியும். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று. மெய் பதினெட்டில் ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம் வரைந்தால் போதும்: க், க, கி, கீ, கு, கூ. அது 108. மீதி எல்லாம் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கை முன்னும் பின்னும் வைத்து உண்டாக்கிவிடலாம். ஔகாரத்துக்கு ளகரமே இருக்கிறது. ஆக மொத்தம் 125. (1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, னை எல்லாம் ஒரே மாதிரி ஆனது இந்த இடத்தில் உதவுகிறது. பழைய துதிக்கை வைத்த லையை நான் இன்றும் கையால் எழுதுவேன், அது வேறு விஷயம்.) ஓர் எழுத்துக்கு 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் என்றால் 32 பைட். 125 பெருக்கல் 32, நாலாயிரம் பைட். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் சேர்த்தாலும் ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அந்தச் சில்லில் புரோகிராம் வைக்க இருக்கும் இடம் எவ்வளவு என்று அவளைக் கேட்டேன். 256 கிலோபைட். அதாவது 2,62,144 பைட். தமிழ் முழுவதும் நூற்றில் இரண்டு பங்கு இடத்தைக்கூடப் பிடிக்கவில்லை. மாளிகையில் ஒரு மாடம். பேப்பரை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ‘திக்தே’ எழுதும்போது எழுத்தின் தலையில் உள்ள குறியை விட்டால் எங்கள் வாத்தியார் கையை நீட்டச் சொல்வார். ‘பெஷே’ என்று ஒரு வினைச்சொல். எ-வின் மேல் கூரை போட்டால் மீன் பிடிப்பது. சாய்கோடு போட்டால் பாவம் செய்வது. “நீ வைத்திருக்கும் குறியில் வைத்திக்குப்பம் முழுக்கப் பாவம் செய்கிறதே” என்பார். அந்த அளவுக்கு அவர்களுக்கு அதில் பிடிவாதம். பிரெஞ்சு டைப்ரைட்டரில் அடித்துப் பழகியவர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். குறி போட்ட எ-வுக்கு நேரடியாக ஒரு விசை இருக்கும்; எண் 2 அடிக்க வேண்டும் என்றால்தான் ஷிஃப்ட். கணக்கன் சிரமப்பட்டாலும் பரவாயில்லை, மொழி சிரமப்படக் கூடாது என்ற ஏற்பாடு அது.

பிரான்சில் உறவுக்காரர்கள் உள்ள சொல்தா வீடுகளில் மினித்தேல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களில் அங்கே தொலைபேசி இலாகா வீடு வீடாகக் கொடுத்த சின்னத் திரைப் பெட்டி. இன்டர்நெட் வருவதற்கு வெகு காலம் முன்பே டெலிபோன் டைரக்டரி பார்க்க, ரயில் டிக்கெட் எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள்; 2012 ஜூன் 30-ல்தான் நிறுத்தினார்கள். வரிக்கு நாற்பது எழுத்து. இன்றைய கணக்கில் அற்பமான மெஷின். ஆனால் தலைக்குறிகள் எல்லாம் அதில் வந்தன. அவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள், செய்கிறவன் செய்து கொடுத்தான்.

ஜப்பான்காரன் இன்னும் கெட்டி. எஞ்சினியரிங் பிள்ளைகள் எல்லோரும் வாங்கும், வரிக்குப் பதினாறு எழுத்து, இரண்டு வரி கொண்ட பச்சை எல்சிடி ஒன்று உண்டு. அதன் சில்லு ஹிட்டாச்சி கம்பெனியின் எச்டி44780, அல்லது அதைப் பார்த்துச் செய்தது. அதற்குள்ளேயே ஜப்பானியரின் கட்டக்கானா எழுத்துகளைப் பொறித்து வைத்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் திரையில் ஜப்பானிய எழுத்து இனாமாக வருகிறது! வாங்குகிறவன் தன் எழுத்தை வரைந்துகொள்ள எட்டே எட்டு இடம் விட்டிருக்கிறார்கள், அதுவும் ஐந்து புள்ளி அகலத்தில். மூன்று சுழி ணகரத்தை ஐந்து புள்ளிக்குள் போட்டுப் பாருங்கள், தெரியும் சேதி.

அதனால்தான் எட்டு இடப் பிச்சை வேண்டாத இந்தப் புள்ளித் திரை எனக்குப் பிடித்துப்போனது. இதில் எந்த மொழிக்கும் தனிச் சலுகை இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் யாரோ ஒருவர் புள்ளி புள்ளியாக எழுதி வைத்த பட்டியலில் இருந்துதான் வருகிறது. சில்லுக்கு ‘ஏ’வும் தெரியாது, ‘அ’வும் தெரியாது. அந்தப் பட்டியலை எழுதியவர் தொண்ணூற்றுச் சொச்சம் எழுத்தோடு பேனாவை மூடிவிட்டார். நாம் திறந்து தொடர்ந்து எழுதினால் ஆயிற்று.

தொடர்ந்தோம். நான் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுத்து வரைவது, அவள் அதை எண்ணாக மாற்றிப் புரோகிராமில் ஏற்றுவது. எண்ணாக்கும் முறையை நானும் கற்றுக்கொண்டேன். மேலிருந்து கீழாக எட்டுப் புள்ளி கொண்ட ஒரு நெட்டு வரிசைக்கு ஒரு பைட். மேல் புள்ளிக்கு 1, அடுத்ததற்கு 2, பிறகு 4, 8, 16, 32, 64, கடைசிக்கு 128. எரிய வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அதுதான் எண். எட்டும் எரிந்தால் 255. மெய்யெழுத்தின் தலைப் புள்ளியை இரண்டுக்கு இரண்டாக உச்சியில் வைத்தோம். அதற்கு எண் 3, இன்னொரு 3. தொல்காப்பியர் காலத்துப் புள்ளி இரண்டே எண்ணில் அடங்கிவிட்டது.

எழுத்தை 16 உயரத்தில் வரைவது சுலபம் என்று சொல்லமாட்டேன். கீ, தீ போன்றவற்றுக்கு மேலே சுழி வேண்டும். கு, ழு போன்றவற்றுக்குக் கீழே இழுக்க வேண்டும். நடு எழுத்துக்கு எட்டு ஒன்பது வரிதான் மிஞ்சுகிறது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழியை எண்ணித்தான் வித்தியாசம் தெரிய வேண்டும், சுழிக்கும் சுழிக்கும் நடுவே ஒரு புள்ளி இடைவெளியாவது விட வேண்டும். ணகரம் மட்டும் நான்கு தடவை அழித்து வரைந்தோம். ழகரத்தின் வால் இரண்டு நாள் வாங்கியது.

புரோகிராம் பக்கம் இருந்த ஒரே முடிச்சு கொம்பு. கணினியில் தமிழ் சேமிக்கும் யூனிகோட் முறையில் ககரம் முதலில், கொம்பு பிறகு. நாம் உச்சரிக்கும் ஒழுங்கு அது. கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். தமிழ் டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் ககரம் அடிப்போம், கை அப்படித்தான் பழகியிருக்கிறது. சில்லு யூனிகோட் ஒழுங்கிலேயே எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘கொ’ போன்றவற்றில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிக்க வேண்டும். இதற்கு எத்தனை வரி புரோகிராம் எழுதினாள் என்று கேட்டேன். முப்பதுக்குள்தான். இந்த முப்பது வரிக்குப் பயந்துதான் ‘தமிழ் வராது’ என்று ஒரு வகுப்பு முழுக்க எழுதிக்கொண்டு போயிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 128 புள்ளி அகலத்தில், 16 புள்ளி எழுத்து வரிக்கு எட்டு நிற்கும். 32 உயரத்தில் இரண்டு வரி. ‘சர்க்கரை’ என்பதற்கு ஐகாரக் கொம்பையும் சேர்த்து ஆறு இடம். அடுத்த வரியில் ‘மிக அதிகம்’, இடைவெளியோடு ஏழு இடம். ‘மிகக் குறைவு’ என்றால் சரியாக எட்டு. பொத்தானை அமுக்கினால் அடுத்த திரை: மேலே ‘மருத்துவரிடம்’, எண்ணிப் பாருங்கள், கச்சிதமாக எட்டு, கீழே ‘போகவும்’, ஆறு. யாரோ நமக்காகவே அளந்து செய்த மாதிரி இருக்கிறது. அந்த அம்மாளின் மெஷினில் இந்த இரண்டு திரை இருந்திருந்தால் அவர் மூன்று நாள் வீட்டில் படுத்துக் கிடந்திருக்கமாட்டார்.

எதிர்ப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இன்று விற்கும் சர்க்கரை மெஷின்கள் பலவற்றில் இருப்பது புள்ளித் திரை இல்லை. கண்ணாடியிலேயே அச்சு வைத்த கோட்டுத் திரை. ஏழு கோட்டில் எண் காட்டும், அதில் தமிழ் எழுத்து வராது. ஆனால் அந்தக் கண்ணாடியில் பேட்டரி படம், ரத்தத் துளி படம் எல்லாம் முன்கூட்டியே அச்சு வைத்திருக்கிறார்களே. ‘அதிகம்’, ‘குறைவு’ என்று இரண்டு சொல்லையும் வைத்தால் கண்ணாடி உடைந்துவிடாது. இரண்டாவது, நம் வயதுக் கண்ணுக்கு இந்த நகத்தளவுத் திரை சிறிசு. எழுத்து மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு நான் படிக்கிறேன். அந்த அம்மாள் ஜன்னலோரம் போய்த்தான் படிப்பார். மெஷினில் வைப்பது என்றால் இதைவிட இரண்டு மடங்கு பெரிய திரை வேண்டும். அது கடையில் கிடைக்காத பொருள் இல்லை.

“இரண்டெழுத்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டால் என்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். கற்றுக்கொள்ளலாம். நானே பிரெஞ்சில் படித்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தபோது கோப்பெல்லாம் இங்கிலீஷில் இருக்கக் கண்டு, ராத்திரி டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நோட்டிங் எழுதப் பழகியவன்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, சம்பளம் கொடுத்தார்கள். எண்பதை நெருங்குகிற ஒருவர், தலை சுற்றுகிற நேரத்தில், உயிர் பிழைக்க அந்நிய எழுத்து படிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

கேட்டால் வருகிறது என்பதற்குப் பிரான்ஸ், ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. விழுப்புரம் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் புள்ளி விளக்கில் தமிழில்தான் ஓடுகிறது. ரயில் நிலையப் பலகையிலும் தமிழ் வருகிறது. ஏடிஎம்மில் தமிழ் அமுக்கலாம். எழுதிக் கேட்டவர் ஒருவர் இருந்தார், வந்தது. கொள்முதல் பிரிவில் சில வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெண்டரில் எழுதியதைச் சப்ளையர் கொண்டுவருவான், எழுதாததை ஆண்டவனே சொன்னாலும் கொண்டுவரமாட்டான். புதுச்சேரிக்கு 1965-லேயே ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது, அதில் தமிழ் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு வாங்கும் பிரஷர் மெஷின், சர்க்கரை மெஷின் ஸ்பெசிஃபிகேஷனில் ‘எச்சரிக்கைச் சொற்கள் தமிழில் தெரிய வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்க ஒரு கிளார்க் போதும். கையெழுத்துப் போட ஓர் அதிகாரி போதும்.

கல்லூரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கிட் வாங்குகிறீர்கள், எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்குகிறீர்கள். ‘ஹலோ வேர்ல்டு’ வந்ததும் மார்க் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறீர்கள். அந்த உதாரணப் புரோகிராமைக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது. அதில் பிள்ளை செய்தது கேபிள் செருகியது மட்டும். அடுத்த எக்ஸர்சைஸாக, வீட்டில் உள்ள பாட்டியின் பெயரைத் தமிழில் வரவழைக்கச் சொல்லுங்கள். புள்ளிக் கணக்கு, பைட், மெமரி, யூனிகோட், அடையாளச் சில்லு, நகல் எல்லாவற்றையும் அந்த ஒரு பெயருக்காகத் தொட்டாக வேண்டும். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்காது.

எங்கள் பலகையில் இப்போது மூன்று பொத்தானுக்கும் வேலை கொடுத்திருக்கிறாள்: காலை, மதியம், இரவு. டாக்டர் சீட்டில் ஒன்று-பூஜ்யம்-ஒன்று என்று எழுதுவாரே, அதேதான். நேரம் வந்தால் அந்தந்த விளக்கு எரியும், திரையில் மாத்திரை பெயர் தமிழில் வரும், போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினால் விளக்கு அணையும். எங்கள் வீட்டில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் மணி மறந்துவிடுகிறது, அதற்குப் பேட்டரி வைக்கப்போகிறாளாம்.

எழுத்துகளில் ஙகர வரிசை மட்டும் பாக்கி. ங், ங இரண்டு போதுமே தாத்தா, ஙி, ஙீ, ஙு, ஙூவை எந்த மாத்திரைப் பெயரில் போடப்போகிறோம், விட்டுவிடலாமா என்று போனில் கேட்டாள். ‘இங்ஙனம்’ போட்டு முடிக்காத மனுவை என் மேசையில் நான் அதிகம் பார்த்ததில்லை, அதற்கு இரண்டு போதும்தான். ஆனாலும் ஆறையும் வரைந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றுவாள்.